சம்பந்தியின் வலது கால்

என்னைப் பற்றி நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யார் சரியாகச் சொல்லப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், இன்று சொந்தப் பட்டறைக்காரன். பெரிய கம்பெனிகள் கைவிட்ட வண்டியெல்லாம் என்னிடம்தான் வரும். அப்படிப்பட்ட என் கைக்கும் தப்பிய ஒரு வண்டி, என் சம்பந்தி ஓட்டிய பள்ளிக்கூட வேன். இது அவரைப் பற்றியது. என் பெருமையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

என் மூத்த மகனுக்குப் பெண் கொடுத்தவர் அவர். டிரைவர்களுக்குள் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர். பிரேக்கில் அவர் கால் விழுவதே தெரியாது. சிக்னல் தூரத்தில் தெரியும்போதே மெல்ல மிதிக்கத் தொடங்கி, வண்டி நின்ற பிறகும் பச்சை விழும்வரை அப்படியே வைத்திருப்பார். பின்சீட்டில் தூங்குகிற பிள்ளையின் தலை ஆடாது.

அந்த வேனில் பழைய எஞ்சின். கார்புரேட்டர் காலத்துக்கும் இன்றைய வண்டிகளுக்கும் நடுவில் வந்த இரண்டுங்கெட்டான். கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே காற்றை அளந்துவிடும் த்ராட்டில் பாடி, அதன் தலையில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஓடும்போது குறையே இல்லை. சிக்னலில் நின்றால், நின்றபடி மெதுவாக ஓடவேண்டிய ஐடில் தடுமாறி எஞ்சின் அணைந்துவிடும். பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கிவிட்டார்கள். "டிரைவர் தாத்தா, போச்சா?" என்று ஒன்று கேட்கும். "போச்சு!" என்று மற்றதெல்லாம் கத்தும். அவரும் கூடச் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் பேச்சிருக்காது.

வேனை என்னிடம் கொண்டுவந்தார்.

"நான் சீட்டுல உக்காந்துக்கட்டுமா சம்பந்தி? ஏதாவது மிதிக்கணும்னா சொல்லுங்க."

"நல்லாருக்கே கதை! பொண்ணு குடுத்தவரையே வேலை வாங்கிட்டான்னு நாலு பேர் என்னைப் பேசவா? நீங்க நிழல்ல உக்காருங்க."

மரியாதையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. நாற்காலி போட்டு, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தனியாகவே வேலையில் இறங்கினேன். த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தேன். ஐடில் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். காற்று எங்கேயாவது கசிகிறதா என்று கேஸ்கெட்டைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன். எஞ்சின் மூச்சுப் பிசகாமல் ஓடியது.

"வண்டியில ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றேன்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாளும் சிக்னலில் அணைந்தது. பள்ளிக்கூட மேனேஜர் வேறொரு டிரைவரை ஓட்டச் சொன்னார். அவன் கடைசி நொடியில் ஒரே மிதி மிதிப்பான். நின்றதும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவான். ஒரு தடவைகூட அணையவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு பெரியவரே, உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு" என்று மேனேஜர் சாவியை வாங்கிக்கொண்டார். சம்பந்தி சண்டை போடவில்லை. "என் கால் போயிடுச்சு" என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

மறுவருஷம் அதே வேன், ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து என்னிடம் வந்தது. பட்டறை வாசல் சரிவு. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மருமகளிடம், "சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வரைக்கும் பிரேக்கை மிதிச்சுக்கோம்மா" என்று சொல்லி சீட்டில் ஏற்றிவிட்டேன். நான் கட்டையைத் தேடுவதற்குள், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திணறி அணைந்தது.

"மாமா, நான் ஒண்ணுமே பண்ணல! நீங்க சொன்ன மாதிரி மிதிச்சிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

கட்டையை வைத்தேன். "காலை எடு. ஸ்டார்ட் பண்ணு. இப்ப மிதி. அப்படியே வெச்சிரு."

பெடலுக்குப் பின்னால் உஸ்ஸென்று காற்று இழுபட்டது. எஞ்சினின் இழுப்பால் மிதிக்கு வலு சேர்க்கிற பிரேக் பூஸ்டருக்குள் ரப்பர் கிழிந்திருந்தது. மிதித்தபடியே இருந்தால் அந்தக் கிழிசல் வழியாகக் காற்று எஞ்சினுக்குள் புகுந்து ஐடிலைக் கவிழ்த்துவிடும். காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அந்த வேனை ஓட்டியவர்களில் காலை எடுக்காமல் நின்றவர் ஒருவர்தான்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ காரணம் அப்பா காலு இல்ல மாமா" என்றாள். ஸ்டியரிங்கை விடாமல் மறுபடியும் சொன்னாள். "அப்பா காலு இல்ல."

அன்றைக்கே அவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் சிரித்தார்.

"ஆறுதல் சொல்றதுல உங்கள மிஞ்ச முடியுமா சம்பந்தி?"

"ஆறுதலா? எனக்கா? உங்க பொண்ணையே கேளுங்க."

"மாமாவுக்கு அதெல்லாம் வராதுப்பா" என்றாள் அவள்.

அவர் ஏறி உட்கார்ந்தார். பெடலில் காலை வைத்தார். கால் நடுங்கியது. மூன்று பேருமே அதைப் பார்த்தோம்.

"அப்ப வண்டியா இருந்திருக்கலாம்" என்றார். "இப்ப காலுதான்." இறங்கிவிட்டார்.

பூஸ்டரை மாற்றினேன். வேன் இப்போது எந்தச் சிக்னலிலும் அணைவதில்லை. மேனேஜர் என் கைராசியை ஊரெல்லாம் புகழ்கிறார். அந்த வண்டியைப் பற்றி மட்டும் நான் பேசுவதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு நானும் சம்பந்தியும் பஸ்ஸில் போனோம். அவர் ஜன்னல் பக்கம். ஏதோ பேசிக்கொண்டே வந்தார். தூரத்தில் சிக்னல் தெரிந்ததும் அவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை மெல்ல அழுத்தத் தொடங்கியது. பச்சை விழும்வரை எடுக்கவில்லை. துளி நடுக்கமில்லை.

சொல்லலாமென்று வாயெடுத்தேன். ஆறுதல் என்று சிரிப்பார். பேசாமல் இருந்துவிட்டேன்.