ஏழாம் பாட்டுக்கு ஆளில்லை

"எல்லா எழவுக்கும் ஆள் இருக்கு. ஏழாம் பாட்டுக்கு மட்டும் ஒரு பய இருக்க மாட்டங்கான்!"

மினிபஸ் டிரைவர் மதார் இதைச் சொல்லாத நாள் கிடையாது. காலையில் பேட்டை டீக்கடையில் கிளாஸை ஊதி ஊதிக் குடிக்கும்போது சொல்வார். மத்தியானம் டயரை எட்டி உதைத்துப் பார்க்கும்போது சொல்வார். வீட்டில் தட்டில் சோறு விழும்போதும் சொல்வார். மனைவி ஃபஹ்மிதா குழம்பை ஊற்றிக்கொண்டே, "நான் வேணா தெனமும் டிக்கெட் எடுத்து வந்து உக்காரட்டா?" என்பாள்.

"வாயேன். யாரு வேணாங்கா?"

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாத்தியளா."

அத்தோடு அந்தப் பேச்சு படுத்துவிடும். மறுநாள் காலை டீ கிளாஸோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

மதார் ஓட்டுகிற மினிபஸ்ஸுக்கு 'லில்லி' என்று பெயர். முதலாளி அப்பாத்துரை அண்ணாச்சி தன் மகள் பெயரை முகப்பில் எழுதி வைத்தார். ஜனங்கள் அதை மனுஷியாகவே ஆக்கிவிட்டார்கள். "லில்லி போயிட்டாளா?" "லில்லி இன்னும் பெட்ரோல் பங்க்ல நிக்கா." கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட நிஜ லில்லிக்கு, பாதி திருநெல்வேலி தன் பெயரைச் சொல்லி அன்றாடம் ஏறி இறங்குவது தெரியாது.

காலை எட்டு இருபதுக்கு லில்லி பேட்டையில் கிளம்புவாள். டவுன் ஆர்ச், ஜங்ஷன், ஆத்துப்பாலம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை என்று வந்து, அதற்கப்புறம் தெருத் தெருவாகச் சுற்றி கே.டி.சி. நகரில் போய் நிற்பாள். ஐம்பத்திரண்டு நிமிடம். பிரேக்கை விடும் அதே நொடியில் மதார் பாட்டையும் போடுவார். மூன்று வருடமாக அந்த எட்டு இருபதுக்கு ஒரே ஆல்பம்தான்.

'தூங்காத தபால்பெட்டி' என்று ஒரு பாட்டுக் கூட்டம். ஆறு பேர். முதல் இரண்டு ஆல்பத்தில் தவிலும் ஆர்மோனியமுமாக, கால் விளங்காதவனையும் எழுப்பி ஆடவிட்டார்கள். நாலாவது ஆல்பத்தில் தவில் இல்லை, ஆர்மோனியம் இல்லை, எல்லாம் மிஷின். கரண்ட் போனால் அந்தப் பாட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரண்டுக்கும் கும்பல் கும்பலாக ரசிகர்கள் உண்டு. நடுவில் மாட்டிக்கொண்டது மூன்றாவது. அதன் பெயர் 'அரைக்கைச் சட்டை'. அதில் தவிலும் உண்டு, மிஷினும் உண்டு. புதுச் சம்பந்தக்காரர்கள் மாதிரி ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எட்டுப் பாட்டு. பழைய ரசிகர்கள் "கெட்டுப்போச்சு" என்றார்கள். புது ரசிகர்கள் "இன்னும் தேறலை" என்றார்கள்.

மதாருக்கு அதுதான் உயிர்.

சவூதியில், தம்மாமில் பதினோரு வருடம் தண்ணி லாரி ஓட்டினவர் அவர். முதுகு மக்கர் பண்ணி ஊருக்குத் திரும்பிய மாதம்தான் அந்த ஆல்பம் வந்தது. அப்போது தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: "எப்ப திரும்பிப் போறிய?" அங்கே இருந்தபோது போனில் "எப்ப ஊருக்கு வாறிய?" என்று உயிரை வாங்கிய அதே ஆட்கள். மதார் பதில் சொல்லாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். இயர்போனில் ஓடியது ஏழாம் பாட்டு.

திருநெல்வேலியில் தபால்பெட்டி ரசிகர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. நாற்பத்தொரு பேர். அதற்கு அட்மின், வண்ணார்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் எபனேசர். வயது இருபத்தொன்பது, குரல் மட்டும் ரேடியோ செய்தி வாசிக்கிறவருக்கு அண்ணன். எதைச் சொன்னாலும் "ஒரு ரசிகனாச் சொல்லுதேன்" என்றுதான் ஆரம்பிப்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குரூப்பில் அந்தச் சண்டை வரும்.

"ஒரு ரசிகனாச் சொல்லுதேன். அரைக்கைச் சட்டை ஒரு ரெண்டுங்கெட்டான் ஆல்பம்."

அந்த வார்த்தை மதாருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். உடனே நாலு நிமிட நீளத்துக்கு ஒரு குரல் செய்தி போடுவார். "தம்பி எபனேசரு, ஏழாம் பாட்ட கடைசி வரைக்கும் கேட்டியா? கேக்கல. கேக்காமப் பேசுத. மொதல்ல ஆர்மோனியம் ஒத்தையில கெடந்து மூச்சு விடும். பொறவு மிஷினு வந்து காலத் தப்பா வைக்கும். ஆறாவது நிமிசத்துல பழைய தவிலு வரும்லே! பக்கத்துத் தெருவுல யாரோ அடிக்கமாரி, தூரத்துல. அந்த மிஷினு அதக் கேட்டுட்டு காலச் சரியா வைக்கும். அது ரெண்டுங்கெட்டானா? ரெண்டும் கூடுன எடம்லே அது!"

நாற்பத்தொரு பேரில் இரண்டு பேர் கைகூப்பும் படம் போடுவார்கள். அதில் ஒன்று ஃபஹ்மிதா போட்டது.

கூத்து என்னவென்றால், எபனேசரும் தினமும் லில்லியில்தான் வருவான். டவுனில் ஏறி வண்ணார்பேட்டையில் இறங்குவான். ஆறாம் பாட்டு முடிகிற இடம் அது. அந்த ஸ்டாப்பில் பஸ்ஸே காலியாகிவிடும். அவசரக்காரர்கள் யாரும் அதற்கப்புறம் லில்லியோடு தெருத் தெருவாகச் சுற்றமாட்டார்கள். ஒன்பது நிமிட ஏழாம் பாட்டு காலி சீட்டுகளுக்கும், கண்டக்டர் குமரவேலின் கொட்டாவிக்கும்தான் ஓடும்.

இந்த நிலைமையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இடி விழுந்தது. அப்பாத்துரை அண்ணாச்சி சிவப்பு பென்டிரைவ் ஒன்றோடு பேட்டைக்கு வந்து நின்றார். அவருக்கு எந்த வாக்கியமும் 'பாத்துக்கிடும்' இல்லாமல் முடியாது.

"வே மதாரு, கலெக்டர் ஆபீஸ் அம்மா போன் போட்டாவ, பாத்துக்கிடும். மூணு வருசமா ஒரே பாட்டாம். தலவலியாம். இதுல நூத்தியிருவது ஹிட்டுப் பாட்டு இருக்கு, பாத்துக்கிடும். நாளைலேந்து இதப் போடும்."

"அண்ணாச்சி, அந்த ஒரு டிரிப்பு மட்டும்..."

"ஒரு வாரம் ஓடட்டும். ஜனம் சந்தோசமா இருந்தா ஒம்ம தபால்பெட்டிய மறந்துரும். ஒரே ஒரு ஆளு பழசு வேணும்னு எனக்குப் போன் போட்டா திருப்பித் தந்துருதேன். ஆனா நீரா யாருட்டயும் போய் கேளுன்னு சொல்லப்படாது, பாத்துக்கிடும்."

மதார் தன் பென்டிரைவைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி அதைச் சட்டைப்பையில் போட்டுப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனார். மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டே வந்த ஜனங்களில் ஒருவர் போன் செய்வதாவது? குமரவேல் ஆறுதலாக, "விடுங்கண்ணே, ஹிட்டுப் பாட்டுன்னா எனக்கும் தூக்கம் வராது" என்றான். மதார் பார்த்த பார்வையில் டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

திங்கட்கிழமை எட்டு இருபது. ஹிட்டுப் பாட்டு காதைப் பிளந்தது. ஜனங்களுக்கு முகமெல்லாம் பல். கலெக்டர் ஆபீஸ் சண்முகசுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டார். அந்த அம்மாள் பேசினால் ஆபீஸ் கடிதம் படிக்கிற மாதிரியே இருக்கும்: "முதலாவது, இப்பத்தான் பஸ்ஸு பஸ்ஸு மாதிரி இருக்கு. இரண்டாவது, தலவலி இல்ல."

மதார் ஸ்டியரிங்கை மட்டும் பார்த்தார்.

ஜங்ஷன் வந்தது. "ஜங்சாஞ்சங்சாஞ்சங்சா!" என்று குமரவேல் வழக்கம்போல ஒரே மூச்சில் கத்தினான். புதிதாக ஏறியவர்கள் எல்லாம் ஒழுங்காக இறங்கினார்கள். ஜங்ஷனில் தையல்கடை வைத்திருக்கும் மஹ்மூதா பீவி மட்டும் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். லில்லி பாலத்தில் ஏறி, ஆற்றுக்காற்று முகத்தில் அடித்த பிறகுதான் அலறினார்.

"அல்லாவே! ஜங்ஷன் எங்க?"

"போயிட்டு ராத்தா. கத்துனேன்லா?"

"நீ கத்துனா யாருக்குவே வெளங்கும்!"

இதற்குள் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளம் வந்தது. "கொக்ரோளங் கொக்ரோளம்!" சண்முகசுந்தரி இன்னும் விரல் தாளத்திலேயே இருந்தார். லில்லி வண்ணார்பேட்டைக்குள் நுழைந்தபோது டிபன் பையை அள்ளிக்கொண்டு எழுந்தார். அதைவிட வேடிக்கை எபனேசர். போனில் குரூப்புக்கு ஏதோ தட்டிக்கொண்டே நின்றவன், வண்ணார்பேட்டை தாண்டி மூன்று தெரு போன பிறகு தலையைத் தூக்கி, "இது எங்கன?" என்றான்.

செவ்வாய்க்கிழமை குமரவேல் தொண்டை கிழியக் கத்தினான். அன்றைக்கும் மூன்று பேரும் தாண்டிப் போனார்கள். புதன்கிழமை பஸ்ஸுக்குள்ளேயே விசாரணை நடந்தது.

"முதலாவது, கண்டக்டர் சரியா குரல் குடுக்கல," என்றார் சண்முகசுந்தரி.

"அக்கா, நாலு வருசமா இதே தொண்டதான். நீங்க ஒருநாளும் நான் சொல்லி எறங்குனதில்ல!"

மஹ்மூதா பீவிக்குத்தான் பொறி தட்டியது. "ஏ, அந்தப் பழைய பாட்டுல அந்தப் பொம்பளப்புள்ள ஒரு கூவு கூவுமே, கொக்கரிக்க கோழி மாரி? அது கூவுனா நான் பைய எடுப்பேன். அது முடிஞ்சா ஜங்ஷன்." சொல்லிவிட்டு, கூச்சப்படாமல் அந்தக் கூவலைக் கூவியும் காட்டினார். தபால்பெட்டிக் கூட்டத்தின் பாடகி சுகிர்தா கேட்டிருந்தால் பயந்திருப்பாள். ஆனால் சுதி சரியாக இருந்தது.

"அதுக்கப்புறம் ஆர்மோனியம் மேல ஏறும்," என்றார் சண்முகசுந்தரி, தன்னை அறியாமல். "அது பாலம். ஏறி ஏறி, டொய்ங்னு நிக்கும். அது கொக்கிரகுளம்." வாயாலேயே ஆர்மோனியத்தை ஏற்றினார். தலைவலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினார். ஸ்டீரியோவில் ஹிட்டுப் பாட்டு கத்திக்கொண்டிருக்க, குமரவேல் எட்டி அதன் சத்தத்தைக் குறைத்தான்.

"நீங்க தப்பா பாடுதிய," என்று எபனேசர் பின்னாலிருந்து சொன்னான். "அந்த எடத்துல மிஷின் தட்டும். டக், டடக்." தட்டினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆறாம் பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடினான். ரெண்டுங்கெட்டான் என்று சொன்னவனுக்கு ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பாட்டு முடிந்தது. வண்ணார்பேட்டையும் முடிந்திருந்தது. மூன்று பேரும் மறுபடி தாண்டிப் போய்விட்டார்கள். யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்த பாட்டு வரவில்லை. சண்முகசுந்தரி மஹ்மூதா பீவியைப் பார்த்தார். இருவரும் எபனேசரைப் பார்த்தார்கள். நாற்பத்தொரு ரசிகர்களுக்கு அட்மினான எபனேசர் ஜன்னலைப் பார்த்தான். மதார் கண்ணாடியில் எல்லோரையும் பார்த்தார். கியர் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றாமல் லில்லி உறுமினாள்.

"அடுத்து என்ன தம்பி வரும்?" சண்முகசுந்தரி கேட்டார்.

மதாருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினார். "நான் வாயத் தொறக்கப்படாதுன்னு அண்ணாச்சி உத்தரவுக்கா."

"அதென்ன உத்தரவு?"

"யாராச்சும் அவ்வொளுக்குப் போன் போட்டாத்தான் பழைய பாட்டு. என்னையக் கேக்காதிய," என்று அந்த உத்தரவை மட்டும் குமரவேல் வாசித்துவிட்டான்.

சண்முகசுந்தரி அங்கேயே போனை எடுத்தார். ஸ்பீக்கரில் அப்பாத்துரை அண்ணாச்சி பதறினார்: "தலவலின்னு சொன்னது நீங்கதானம்மா, பாத்துக்கிடுங்க!"

"முதலாவது, அது போன வாரம். இரண்டாவது, மூணு நாளா நான் ஆபீஸுக்கு லேட்டு. மூன்றாவது, அந்தப் பாட்டு என்னன்னு தெரியாம எனக்கு இன்னிக்குத் தூக்கம் வராது. நாளைக்கு அது பஸ்ல இருக்கணும்."

வியாழக்கிழமை பென்டிரைவ் லில்லிக்குத் திரும்பி வந்தது. பேட்டையில் மதார் பிரேக்கை விட்டார், பாட்டையும் விட்டார். சுகிர்தா கூவினாள், மஹ்மூதா பீவி பையை எடுத்தார். ஆர்மோனியம் ஏறியது, டொய்ங் என்று நின்றது, சண்முகசுந்தரி இறங்கிக்கொண்டே, "சனிக்கிழம எனக்கு லீவு தம்பி. கடைசி வரைக்கும் வந்துதான் எறங்குவேன்" என்றார். மதார் தலையை ஆட்டினார். இப்படி எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

வண்ணார்பேட்டையில் ஆறாம் பாட்டு முடிந்தது. பஸ் காலியானது. குமரவேல் விசிலடித்தான். மதார் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்: "எல்லா எழவுக்கும் ஆள் இருக்கு, ஏழாம் பா..."

கண்ணாடியில் கடைசி சீட் தெரிந்தது. எபனேசர் உட்கார்ந்திருந்தான். கடைச் சாவிக்கொத்து விரலில் தொங்கியது.

ஆர்மோனியம் ஒற்றையில் மூச்சு விட்டது. மதார் வண்டியை மெதுவாக விட்டார். குழிகளில் எல்லாம் லில்லியைத் தாலாட்டுகிற மாதிரி இறக்கி ஏற்றினார். மிஷின் வந்து காலைத் தப்பாக வைத்தது. எபனேசர் முகத்தைச் சுளித்தான். மதார் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று முடிவு பண்ணி, இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். ஆறாவது நிமிடத்தில் தூரத்தில் தவில் விழுந்தபோது பார்த்துவிட்டார். சாவிக்கொத்து ஆடாமல் நின்றிருந்தது. எபனேசரின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குமரவேல் கொட்டாவி விடவில்லை.

பாட்டு ஓய்ந்தபோது லில்லி கே.டி.சி. நகர் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள். எபனேசர் எழுந்து, கம்பி கம்பியாகப் பிடித்து முன்னால் வந்தான். செய்தி வாசிக்கிற குரல் எங்கேயோ போயிருந்தது. தொண்டையைச் செருமி அதைத் திரும்ப வரவழைத்தான்.

"ஒரு ரசிகனாச் சொல்லுதேன் அண்ணே. நல்லாத்தான் இருக்கு. தப்பாச் சொல்லிட்டேன். குரூப்புலயும் போடுதேன். ஆனா... கொஞ்சம் நீளம்."

மதார் திரும்பாமலே சொன்னார்:

"நீளமாலே? கடையத் தொறக்காம, எறங்க வேண்டிய எடத்த விட்டு, இந்தக் கடைசி வரைக்கும் வந்து நிக்க. அந்தத் தூரம் ஒனக்கு நீளமாத் தெரியல, ஒம்போது நிமிசம் நீளமாத் தெரியுதோ? போயி ஒழுங்கா உக்காரு, எட்டாம் பாட்டு இன்னும் கெடக்கு!"