டப்ளினிலிருந்து கோர்க்குக்குப் போகும் அட்டவணை

அயர்லாந்தில், டப்ளினில் ரெயின் ஏறினால் கோர்க் நகரத்துக்கு இரண்டரை மணித்தியாலம். அந்த இரண்டரை மணித்தியாலத்தைத் திட்டமிட எனக்குப் பத்து நாள் எடுத்தது.

கோர்க்கில் என் தங்கச்சி இருக்கிறாள். முதல் பிள்ளை, சிசேரியன். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போய் நிற்பதாக இருந்தது; விசா கிடைக்கவில்லை. "நீ யோசியாதை, நான் வாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுடைய கணவரின் லீவு முடிந்து, வருகிற மாதத்து முதல் திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகிறார். அதற்குப் பிறகு பகல் முழுக்க அவளும் குழந்தையும் தனியே. அந்தத் திங்களுக்கு முன் நான் அங்கே நிற்கவேண்டும். என் கணவரும் மாமியும் இங்கே கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில், எங்கள் வீட்டில் இருப்பார்கள். நானும் இரண்டரை வயது மகளும் போவதாக ஏற்பாடு.

என் கவலையெல்லாம் மகளின் வயிறுதான். அவள் காரில் இருபது நிமிடம் போனால் சத்தி எடுப்பாள். ஆகவே கணினியில் ஓர் அட்டவணை திறந்தேன். ரெயின், பஸ், வாடகைக் கார் என்று மூன்று வரிசை. புறப்படும் நேரம், கழிப்பறை உண்டா, வழியில் எத்தனை வளைவு என்று நிரல் நிரலாகப் போட்டேன். வாடகைக் காரை முதலில் வெட்டினேன். அஜக்ஸிலிருந்து ஸ்காபரோவுக்குப் போகவே நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறப் பயந்து கிங்ஸ்ரன் வீதியால் உருட்டிக்கொண்டு போகிறவள் நான். அயர்லாந்தில் வீதியின் இடப்பக்கத்தால் ஓட்டப்போகிறேனாக்கும்!

மற்ற இரண்டையும் பரிசோதித்தேன். ஒரு சனிக்கிழமை மகளை ரெயினில் ரொறன்ரோ டவுன்ரவுனுக்குக் கூட்டிப்போய், இறங்கி ஒரு மஃபின் வாங்கிக் கொடுத்து, அடுத்த ரெயினில் திரும்பினேன். வயிறு கலங்கவில்லை. மறுநாள் பஸ். ஆறாவது தரிப்பில் என் ஜக்கெற் நனைந்தது. பஸ் வரிசைக்குச் சிவப்பு நிறம் அடித்தேன்.

உத்தேசமாக ஒரு செவ்வாய்க்கிழமை ரெயினைப் போட்டிருந்தேன். மாமி குசினிக் கலண்டரைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, செவ்வாயிலை மூண்டிலை இருந்து நாலரை மட்டும் ராகுகாலம். அதுக்குள்ளை வெளிக்கிடக்கூடாது."

விஞ்ஞானப் பட்டம் பெற்ற நான் ராகுகாலத்துக்கும் ஒரு நிரல் சேர்த்தேன்.

"உது ரொறன்ரோக் கலண்டர்," என்றார் கணவர். "அயர்லாந்திலை ராகு வேறை நேரத்துக்கு வேலைக்கு வருவார்."

"அப்ப அஞ்சு மணித்தியாலத்தைக் கூட்டன்," என்றார் மாமி.

கூட்டினேன். ராகு இரவு எட்டு மணிக்குப் போய்விட்டார். பகல் ரெயின் எல்லாம் சுத்தமாகிவிட்டன. ராகுகாலம் அந்தந்த ஊரின் சூரியனோடு போவது என்று பிறகுதான் உறைத்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி கணக்குப் பார்த்தேன்.

பத்தாம் நாள் காலை, மகளுக்கு ஓட்ஸ் தீத்திக்கொண்டிருக்கும்போது தங்கச்சி போன் எடுத்தாள்; ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. எந்தப் பெட்டியில் ஏறினால் கழிப்பறை கிட்ட இருக்கும் என்பது வரை அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரி அக்கா. பிளேன் எத்தனையாம் திகதி வருது?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

கணவர் கோப்பியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீர் இன்னும் பிளேன் புக் பண்ணேல்லையோ?"

"ரெயின் முடிவானால்தானே பிளேனை முடிவாக்கலாம்."

"அப்ப டப்ளின் மட்டும் நடந்து போற யோசனையோ?"

தங்கச்சி சிரிக்கவில்லை. "திங்களுக்கு முதல் வந்திடுவாய்தானே அக்கா?" என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் என் கையை விடும்போது கேட்பாளே, அந்தக் குரல். பத்து நாளாக அவளுக்காக ஓடித்திரிகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ பத்து நாளாக ஒரு திகதிக்குக் காத்திருந்திருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுத் தேடினேன். அந்தத் திங்களுக்கு முன் எங்களுக்கு ஆசனம் இருந்தது ஒரேயொரு பிளேனில். ஞாயிறு பின்னேரம் டப்ளினில் இறங்கும். அன்றைய பின்னேர ரெயின்களில் ஆசனமெல்லாம் முடிந்திருந்தது. விமான நிலைய வாசலிலிருந்து நேரே கோர்க்குக்குப் போவது பஸ் மட்டும்தான். நான் சிவப்பு அடித்த பஸ். புறப்படுவது நாலரைக்கு.

மாமி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எந்த ஊர்க் கணக்கில் பார்த்தாலும் ஞாயிறு பின்னேரம் ராகு அவ்விடத்தில்தான் எங்கேயோ நிற்பார். திட்டு விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பிள்ளை பெத்து வீட்டிலை கிடக்கிறவளைப் பாக்கப் போறதுக்கு ராகுகாலம் ஒண்டும் பாக்கிறேல்லை. அமத்து பிள்ளை," என்றார்.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு நிரல் மிச்சமாகியிருக்கும். பொத்தானை அமத்தினேன். ரிக்கற் வந்துவிட்டது.

உடனே தங்கச்சிக்கு எடுத்துத் திகதியைச் சொன்னேன். பஸ்ஸில்தான் வருகிறோம், மகள் வழியெல்லாம் சத்தி எடுப்பாள், உன் வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நாறிக்கொண்டு வந்து நிற்போம் என்று எச்சரித்தேன்.

குழந்தை பிறந்த பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"வாங்கோவன் அக்கா. இஞ்சையும் ஒருத்தி என்ரை தோளிலை ஒரு நாளைக்கு எட்டுத்தரம் எடுக்கிறாள். நீ துவாய் மட்டும் கொண்டு வா."

எத்தனை துவாய் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.