நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

பசுந்தேயிலை விலை சரிந்து, நீலகிரியில் எங்கள் ஊரான அரவேணுவைச் சுற்றியிருந்த ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வேலையைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். என் கணவர் குமாஸ்தாவாக இருந்த ஃபேக்டரி ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. அடுத்த மாதம் அவர் ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்து வந்தார். ஓட்டி வரவில்லை. இன்னொரு லாரி கயிறு கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் விட்டுப் போயிற்று. சக்கரங்களுக்குக் கல் கொடுத்து நிறுத்தினார்கள். பானெட்டைத் திறந்தபோது வயர்களில் பாதியை எலி தின்றிருந்தது.

அவருடைய யோசனை எளிமையானது: பறித்த இலையைக் கூலிக்கு ஏற்றிப்போவது. சுற்றிலும் சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள். அவர்கள் இலையை எடுத்துப்போனது மூடிக்கிடந்த ஃபேக்டரியின் லாரிதான். இனிமேல் கோத்தகிரிக்கு அப்பால் இருந்த ஃபேக்டரிக்குத்தான் போக வேண்டும். பறித்த இலை அன்றே போய்ச் சேராவிட்டால் மூட்டைக்குள் சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த இலையை யாரும் எடுக்கமாட்டார்கள்.

கோவையில் என் அண்ணன் அவருக்கு ஒரு நூல் கடையில் வேலை பேசி வைத்திருந்தார். ஆடி முடியும்வரை இடத்தைக் காலியாக வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் வண்டி ஒரு லோடு இலையைச் சிவக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் கோவைக்குப் போவது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எனக்குக் கோவைக்குப் போகத்தான் ஆசை. நான் ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த பத்திரிகை, அங்கே வந்தால் ஆபீசிலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. இது அவருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஒரு நட்டை முடுக்கிவிட்டு வருவார். கூடச் சேர்ந்தவர் அதே ஃபேக்டரியின் லாரி டிரைவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். இருவரும் என்ஜினை இறக்கினார்கள், ஏற்றினார்கள், மறுபடி இறக்கினார்கள். ராணுவப் பச்சையோடு வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்பதால் நீலம் அடித்தார்கள். ஒரு மழைக்கே நீலத்தின் ஓரங்களில் பச்சை எட்டிப் பார்த்தது.

எதிர் டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். "ஏனுங்க, எப்பங்க சண்டைக்குக் கெளம்பறீங்க?"

"மொதல்ல உங்க கடையத்தான் புடிக்கப்போறமுங்க" என்பார் இவர், வண்டிக்கு அடியிலிருந்து.

வண்டியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருந்தது. அதை முன்னே தள்ளினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மற்ற லாரிகளுக்கு இல்லாத அந்தக் கம்பியில் அவருக்குத் தனிப் பெருமை. "மலைக்கு நாலு சக்கரமும் இழுக்கோணுமுங்க டிரைவரண்ணே. இது முன்னாலயே இருக்கட்டும், பின்னால எடுக்கவே வேண்டாம்" என்றார். டிரைவர் அதுவரை ஓட்டியதெல்லாம் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். சரி என்றார்.

முதல் லோடு, பஜாருக்கு மேலே மூன்றாவது வளைவோடு நின்றது. ஸ்டியரிங் இறுகிப்போய்த் திரும்பவே இல்லை. வண்டி குதித்தது. டயர் கருகும் வாடை வந்தது. இலையைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியபோது மூட்டையின் நடுப்பகுதி செம்பு நிறத்தில் இருந்தது. பறித்த பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஸ்டியரிங்கைப் பிரித்தார்கள். கிரீஸ் மாற்றினார்கள். முன் அச்சை அளந்தார்கள். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி திரும்பியது. ரோட்டுக்குப் போனால் பழையபடி இறுகியது. மறுபடி பிரித்தார்கள். ஆடியும் முடியப் போனது.

தோட்டக்காரர்கள் இன்னும் ஒரே ஒரு முறை இலை தருவதாக ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு நானும் வண்டியில் ஏறினேன். கணவர் நடுவில், நான் ஜன்னலோரம். மழையில்லாத, காற்று மட்டும் அடித்த நாள். முதல் வளைவிலேயே டிரைவரின் முழங்கை நரம்பு புடைத்தது.

"கிளாக்கரய்யா, இது வண்டி இல்ல, எருமை" என்றார் டிரைவர், ஃபேக்டரியில் குமாஸ்தாவைக் கூப்பிட்ட பழக்கத்தில்.

"எருமைன்னா பால் கறக்குமுங்க. ஓட்டுங்க."

இரண்டாவது வளைவில் மேட்டிலிருந்து சரிந்த மண் ரோட்டை மூடிக் கிடந்தது. அதன்மேல் ஏறியதும் டிரைவரின் கை தளர்ந்தது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. மண் முடிந்து தார் வந்ததும் மறுபடி இறுகியது. மூன்றாவது வளைவில் வண்டி முக்கி நின்றது.

இறங்கினோம். அவர் முன்சக்கரத்தைக் காலால் உதைத்தார். நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி உதைத்தார். நான் பின்னால் போய் ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். உள்ளே காய்ச்சல்காரரின் கழுத்துபோல வெதுவெதுவென்று இருந்தது. எங்கள் வாசல் மண். பஜாருக்கு மேலே தார். பேசாமல் நின்றால் அடுத்த வாரம் கோவையில் இருக்கலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூட்டைச் சூடு இன்னும் கையில் இருந்தது.

"ஏனுங்க, மண்ணுல போறப்ப லேசாகுது. தாருலதான் இறுகுது. டயர் சறுக்கறதுக்கு எடமிருந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்குது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு டிரைவர் ரோட்டைப் பார்த்தார். வளைவு நெடுக முன்டயர்கள் தேய்ந்த கறுப்புத் தடம்.

"அப்புடின்னா முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒண்ண ஒண்ணு இழுத்துச் சண்டை போடுது" என்றார் மெதுவாக. "வளைவுல ரெண்டுக்கும் ஒரே தூரம் இல்லையே. அந்தக் கம்பிதான் ஐயா. அதப் பின்னால எடுங்க."

"மலையில எடுக்கறதா?"

"மலைக்கில்ல இது. சேத்துக்கு."

கம்பி வரவில்லை. டிரைவர் ஏறி, இறுக்கம் விடட்டும் என்று வண்டியைச் சற்றே பின்னுக்கு விட்டார். அடியில் எங்கோ ஒரு பெரிய சத்தம். கம்பி தானாகவே பின்னால் விழுந்தது. பிறகு வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கோத்தகிரி தாண்டியதும் என் கணவர் முன்கண்ணாடியில் தாளம் போடத் தொடங்கினார்.

ஃபேக்டரியில் எடை போடுகிறவர் மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கை இலையை அள்ளிப் பிரித்துப் பார்த்தார். முகர்ந்தார். "பரவால்ல, போடுங்க" என்றார்.

என் கணவர் தராசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "உனக்கு ஏம்புள்ள இந்த வேலை?" என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் பஜார் டெலிபோன் பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஒரு லொடக்கு லாரிய நம்பியா அங்க கெடக்கப்போற?" என்றார். "அந்தப் பத்திரிகைக்காரங்க உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க. வேற ஆளப் போட்டுருவாங்க, தெரியுமில்ல?"

"தெரியுங்ண்ணா."

"தெரிஞ்சுமா?"

"வண்டி ஓடுதுங்ண்ணா" என்றேன். அவர் மறுபடி ஆரம்பிப்பதற்குள், வைக்கறனுங்ண்ணா என்று சொல்லி ரிசீவரை வைத்தேன். பூத்துக்கு வெளியே என் கணவர் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஸ்டியரிங்கை மறுபடி ஒருதரம் பிரித்துப் பார்த்தால் தேவலை என்றார்.