சைதுன்னிசாவின் ஒற்றைக்கால் குருவி

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நிறத்தின் பெயரைச் சொல்வார்கள், மீதிப் பேர் அட்டையில் இருக்கும் எண்ணைச் சொல்வார்கள். சைதுன்னிசா இரண்டையும் சொல்ல மாட்டார். கல்லாவுக்கு எதிரே நின்று கைப்பையைக் கிளறிவிட்டு, "ஏனுங் மணியண்ணா, நான் எதுக்கு வந்தனுங்க?" என்று என்னையே கேட்பார். எம்பிராய்டரி நூல் விற்கிற எனக்கு அதற்குப் பதில் சொல்வதும் வியாபாரத்தில் சேர்த்தி ஆகிவிட்டது.

"நீலம் வாங்க வந்தீங்க அம்மணி."

"நீலம்னு உங்களுக்கு எப்படிங்ணா தெரியும்?"

"விரல்ல நீலம் ஒட்டியிருக்குதுங்களே."

அது அச்சு வைக்கிற நீலம். பட்டர் பேப்பரில் படம் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்தி, மண்ணெண்ணெயில் நீலப் பொடியைக் கரைத்துத் தேய்த்தால் துணியில் படம் இறங்கிவிடும். கணவர் பசீர் அகமது காலையில் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் உள்ள அவர்கள் வீட்டின் முன்னறை முழுவதும் மண்ணெண்ணெய் வாசம்தான். அப்புறம் கூடச் சேர்ந்து வேலை செய்கிற மயிலாத்தாளும் மருதாளும் வருவார்கள். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பூவும் பறவையுமாகப் போட்டுத் தள்ளுவார்கள். பிறந்த குழந்தையின் துணியில் பெயர், சுவரில் மாட்டுகிற வளையம், தலையணை உறை, எது வந்தாலும் செய்வார்கள். இந்தத் தொழிலை என்னவென்று சொல்வது என்பதிலேயே சைதுன்னிசாவுக்குக் குழப்பம். "கம்பெனின்னு சொல்றதுங்களா, தையல்னு சொல்றதுங்களா? யாராச்சும் கேட்டா வாயி வர்றதில்லீங்ணா" என்பார்.

நிறம் எடுக்க வந்தால் இரண்டு நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் பார்ப்பார், டியூப் லைட்டில் பார்ப்பார், வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணி மேல் வைத்துப் பார்ப்பார். திரும்பி வந்து இரண்டையும் கொடுத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றை வாங்கிப் போவார். அந்த மூன்றாவது மிகச் சரியாகப் பொருந்தியிருக்கும். எனக்கு எரிச்சல் வருவதே அதனால்தான். தப்பாக எடுத்தாலாவது இரண்டு வார்த்தை சொல்லலாம்.

இதற்கு முன்னால் பல வருடம் அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் இருந்தார். தைத்து வருகிற பனியனை விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயந்திரம் வரை நின்றபடிதான் பார்க்க வேண்டும். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு, ராத்திரி தூங்க முடியாமல் போனபோதுதான் வேலையை விட்டார். மருத்துவர் சொன்னது ஒன்றே ஒன்று, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. திருப்பூரில் இதைச் சொல்வது சுலபம்.

அப்படி ஆரம்பித்த இந்த ஊசி வேலையும் ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் படுத்துக்கொள்ளும். போன வருடக் கடைசியில் ரொம்பவே படுத்துவிட்டது. அப்போதுதான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து கைக்குழந்தைச் சட்டைக்குக் கை எம்பிராய்டரி போட ஆள் தேடினார்கள். சாம்பிள் போட்டுக் கொடுத்தார். பசீர் அகமது கெட்ட மனிதர் அல்ல. மனைவியிடம் பொறுமையாகத்தான் சொன்னார்: "இந்த ஆர்டர் நல்லபடியா முடிஞ்சா அடுத்தடுத்து வரும், ஊட்டுலயே இருந்து செய்யி. திரும்பி வந்துருச்சுன்னா மறுபடி செக்கிங்குக்கே போயிறலாம். வேற வழியில்ல." அதை என்னிடம் வந்து சொன்னபோது சைதுன்னிசாவின் கண் கலங்கியிருந்தது. "நிக்க முடியாதுங்ணா. அத யாருகிட்டச் சொல்றதுன்னே தெரியலீங்" என்றார்.

சாம்பிள் அப்ரூவல் ஆகிவிட்டது. ஒரு நீலக் குருவி, கீழே ஒரு கிளை. கட் செய்த துணித் துண்டுகள் மூட்டையாக வந்து இறங்கின. தைப்பதற்கு முன்பே முன்பக்கத் துண்டில் குருவியைப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். பார்த்துப் போடுவதற்காகச் சாம்பிளின் போட்டோ ஒன்றை அனுப்பியிருந்தார்கள்.

அச்சு வைத்து ஊசியை எடுக்கப் போகும்போது மயிலாத்தாள்தான் போட்டோவை உற்றுப் பார்த்திருக்கிறார்.

"ஏனுங்க்கா, இந்தக் குருவிக்கு இன்னொரு கால் எங்கீங்க?"

அச்சில் இரண்டு கால். சாம்பிளில் ஒன்றுதான் இருந்தது. சாம்பிள் கொடுத்த அன்றைக்குக் கம்பெனி வண்டிக்கார சசிகுமார் வாசலில் நின்று ஹாரன் அடித்ததும் அவசர அவசரமாக நூலை அறுத்துக் கொடுத்தது சைதுன்னிசாவுக்கு ஞாபகம் இருக்கிறது. கால் போட்டோமா, போட்டதாக நினைத்துக்கொண்டோமா என்பது ஞாபகம் இல்லை. பிறருடைய துணியில் பல வருடம் குறை கண்டுபிடித்த மனுஷி, தன் குருவியின் காலை மறந்துவிட்டார்.

நேரே என் கடைக்குத்தான் வந்தார். நூல் விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் தெரிந்தது மாதிரிதான் பேசினேன்.

திருப்பூரில் சாம்பிள் என்றால் சட்டம். வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பார்த்துச் சரி என்று சொன்ன சட்டையில் பட்டன் கோணலாக இருந்தால், மொத்தமாகத் தைக்கிற பல்க்கிலும் அது கோணலாகத்தான் இருக்க வேண்டும். நேராக வைத்தால் அது குறை. இதை நான் விளக்கிச் சொன்னேன்.

"அப்பத் தப்பப் போட்டாச் சரி, சரியாப் போட்டாத் தப்புங்களா?"

"ஆமாங்க."

"நான் கொழம்பறனா, நீங்க கொழப்பறீங்களா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவருடைய கணவர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். ரெண்டு காலாகவே போட்டுவிடு, வெள்ளைக்காரன் உட்கார்ந்து குருவிக்குக் கால் எண்ணிக்கொண்டா இருப்பான் என்று. போட்டபிறகு பிரிக்கலாம் என்றும் முடியாது. பனியன் துணியில் ஊசி இறங்கின இடத்தைப் பிரித்தால் ஓட்டை நிற்கும், இழுத்தால் பின்னலில் கண் விட்டு ஓடும். அதனால் ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். சைதுன்னிசா கடையில் இருந்தபடியே கம்பெனியின் மெர்ச்சண்டைசர் இந்துமதிக்குப் போன் போட்டார். பையருக்கும் தயாரிப்புக்கும் நடுவே நிற்கிற பெண் அது. ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன்.

"சாம்பிள்ல கால் விசயமாக் கேக்கலாம்னு கண்ணு..." என்று சைதுன்னிசா இழுப்பதற்குள் இந்துமதி பிடித்துக்கொண்டாள்.

"அதே தானுங்க்கா. ஒத்தக் கால்ல நிக்கற குருவி பையருக்கு அவ்வளவு புடிச்சுப் போச்சு. அந்த ஸ்டைலுக்கே அதான் பேரு இப்ப. சாம்பிள் எப்படியோ அப்படியே போடுங்க."

போனை வைத்ததும் சைதுன்னிசா என்னைப் பார்த்தார். நான் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். மறந்துபோன கால் ஒரு ஸ்டைல் ஆகி அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. இனி அதை மறந்துபோனேன் என்று சொல்லவும் முடியாது.

சரி, ஒரு காலே போடுவோம் என்று வீட்டுக்குப் போனால், மயிலாத்தாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய மகளைச் சாமளாபுரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ரொம்ப நாள் காத்திருந்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள், பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள்.

"நீங்க மறந்து உட்டது வேறைங்க்கா. தெரிஞ்சே ஒரு நொண்டிக் குருவியப் பச்சக் கொழந்த நெஞ்சு மேல நான் போட மாட்டனுங். எந்த ஊருக் கொழந்தையா இருந்தா என்னங்க, கொழந்ததானே."

மருதாளும் அதையே சொன்னார். அவருக்குச் சொந்தமாகக் காரணம் ஒன்றும் கிடையாது, மயிலாத்தாள் சொன்னால் சரியாக இருக்கும் என்பதுதான் காரணம்.

மறுநாள் சைதுன்னிசா கடைக்கு வந்து காலுக்கான ஆரஞ்சு நூலை வாங்கினார். பாதித் தெருவுக்குப் போய்த் திரும்பி வந்து கொடுத்தார். மத்தியானம் மறுபடி வாங்கினார். கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன், முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"அவங்க சொல்றது மூட நம்பிக்கைன்னு எங்க ஊட்டுக்காரர் சொல்றாருங்ணா. நானும் அப்படித்தான் நெனைக்கறனுங். ஆனா ஊசியக் கையில எடுத்தா எனக்கும் வர மாட்டேங்குது. பையர் சொல்றதும் நாயமுங்க. மயிலாத்தா சொல்றதும் நாயமுங்க. ரெண்டும் நாயமா இருந்தா மனுசன் என்னதானுங்க பண்றது?"

சமாளிப்பதற்காக, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பேசிக்கொண்டே வலது பாதத்தைத் தூக்கி இடது கெண்டைக்காலுக்குப் பின்னால் வைத்து, ஒரு காலில் நின்றார்.

செக்கிங்கில் இருந்த பெண்களை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மேஜையில் கை ஊன்றி, ஒரு காலை மடித்து அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மற்றக் காலில் நிற்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் விடாது.

"கால் வலிக்குதுங்களா அம்மணி?"

"இல்லீங், சும்மா மடிச்சு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். குனிந்து தன் புடவை ஓரத்தைப் பார்த்தார். அப்புறம் ஆரஞ்சு நூலைக் கல்லா மேல் வைத்தார். "இது ஒத்தக் காலுக்கு மட்டும் போதுமுங்ணா. நீலம் இன்னும் கொஞ்சம் எடுங்க."

"குருவிக்கு நீலம் இருக்குதுங்களே?"

"காலுக்குத்தானுங்க நீலம்."

சொன்னவர் வேகமாகப் போய்விட்டார். எனக்குச் சாயந்திரம் வரை ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் வீட்டுப் பக்கம் போனபோது மயிலாத்தாள்தான் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்து, "தொட்டுப் பாருங்க" என்றார். குருவியின் நீல வயிற்றின் மேல், அதே நீல நூலில் சின்னதாக ஒரு கால், மடித்து வைத்த மாதிரி. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத்தான் தெரிந்தது. குருவிக்கு இரண்டு காலும் இருந்தன, நிற்பது மட்டும் ஒன்றில். பாராட்ட வாய் வராமல், தையல் கொஞ்சம் கோணல் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதெல்லாம் ஒரு கோணலும் இல்லை.

துணி கொடுக்கிற அன்றைக்கு பசீர் அகமது தாராபுரத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூட்டையை என் வண்டியில் வைத்து, சைதுன்னிசாவையும் ஏற்றிக்கொண்டு நானே போனேன். போகிற வழியெல்லாம், சொல்லிவிடலாமா, சொல்லாமல் விடலாமா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே போனேன்.

செக்கிங் ஹாலில் நீள மேஜைகளின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சைதுன்னிசா அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். நம் துண்டுகளைப் பிரித்த வடநாட்டுப் பெண் ஒருத்தி, குருவியைத் தடவியதும் நின்றாள். "மேடம், இதர் குச் ஹை" என்று இந்துமதியைக் கூப்பிட்டாள். இங்கே ஏதோ இருக்கிறது என்கிறாள், விரலில் தட்டுப்பட்டுவிட்டது.

இந்துமதி வந்து தடவிப் பார்த்தாள். "என்னங்க்கா இது?"

"அது கால்தானுங் கண்ணு. ஆனாத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் போட்டதுங். மறைக்கணும்னு இல்லீங். பொம்பளைங்க நொண்டிக் குருவி போட மாட்டோம்னாங்க... மொதல்ல நான்தான் மறந்துட்டனுங்..." என்று சைதுன்னிசா எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லி முடித்தார். அவர் சொன்ன மாதிரி கேட்டால் குருவியே வந்து கேட்டுக்கொண்டது போல இருந்தது. ஆனால் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"சாம்பிள்ல இது இல்லீங்களேக்கா" என்றாள் இந்துமதி.

நான் சொன்ன சட்டம்தான். இப்போது அதைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. சைதுன்னிசா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மனதுக்குள் அந்த வரிசையில் போய் நின்றாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

இந்துமதி துண்டைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். குழந்தைத் துணி உறுத்துகிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். பின்பக்கத்தையும் தேய்த்தாள். போனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். அங்கே இங்கிலீஷில் பேசுவதும், விரலால் காற்றில் தடவிக் காட்டுவதும் தெரிந்தது. நாங்கள் வெளியே நின்றோம். சைதுன்னிசா ஒரு காலை மடித்தார், பிறகு அடுத்த காலை மடித்தார்.

இந்துமதி திரும்பி வந்தபோது கையில் சீல் போட்ட கவர் இருந்தது. உள்ளே அந்தச் சாம்பிள்.

"பையர் ரெண்டாவது கால் எங்கேன்னு கேட்டாங்க. தொட்டாத்தான் தெரியும்னு சொன்னேன். அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. ஆனாச் சாம்பிளும் பல்க்கும் ஒண்ணா இருந்தே ஆகோணுமுங்க்கா." கவரைக் கத்தரித்துச் சாம்பிளை நீட்டினாள். "இதுக்கும் அந்தக் காலப் போட்டுருங்க."

"சாம்பிள்ல கை வெக்கலாங்களா?"

"போடுங்க்கா."

சைதுன்னிசா பையிலிருந்து நீல நூலை எடுத்து, மேஜையில் சாய்ந்து நின்றபடியே ஊசியில் கோக்கப் பார்த்தார். நூல் நுழையவில்லை. இந்துமதி தன் அறையிலிருந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் விட்டாள். அவர் நாற்காலியைப் பார்த்தார், வரிசையில் நிற்கிற பெண்களைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அது யாருக்கென்று அவருக்குப் புரியவில்லை.

"உங்களுக்குத்தானுங்க அம்மணி" என்றேன்.

செக்கிங் ஹாலில் சைதுன்னிசா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.