அலுமாரியின் பின்பக்கம்

பிள்ளைகளே, பொங்கலுக்கு நீங்கள் கொழும்பிலிருந்து வந்ததும் முதலில் உங்கள் அம்மாவின் அலுமாரியைத்தான் பார்ப்பீர்கள். அதன் தலை ஏன் இப்படி ஆனது என்று கேட்பீர்கள். கேட்கும் முன்பே எழுதிவிடுகிறேன். நான்தான் அறுத்தேன்.

நாம் இருந்த லயத்து வரிசை வீடுகளை இடிக்கிறார்கள், தனிவீடு கிடைத்துவிட்டது என்றதும் மூத்தவள் பண்டாரவளைக் கடையில் சொல்லிப் புது அலுமாரி அனுப்பினாள்.

“அப்பா, அந்தப் பழசக் கட்டி இழுக்காதீங்க. லயத்தோட போகட்டும்” என்றாள் போனில்.

“உங்கம்மா வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பொட்டு வச்சதும்மா அது.”

“பொட்ட புதுசுல வச்சாப் போச்சு.”

புதியதை நான் குறை சொல்லவில்லை. லொறியில் வந்தவர் அரைமணி நேரத்தில் பலகைகளைப் பூட்டி நிறுத்திக் கொடுத்தார். கதவு சத்தமே இல்லாமல் மூடுகிறது. துடைப்பதும் சுலபம். ஆனால் துடைக்கும்போது கை எங்கேயும் நிற்பதில்லை.

பழையதில் கை நிற்கும். அதன் தலைப்பலகையில் ஒன்பது பூக்கள். எல்லாம் ஒரே மாதிரி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அம்மா போன பிறகு, தனியாகத் துடைக்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்தப் பூவும் இன்னொன்றைப் போல இல்லை. ஓரத்தில் இடம் போதாமல் போயிருக்க வேண்டும். கடைசிப் பூவுக்கு ஆசாரி ஓர் இதழைக் குறைத்து, பக்கத்து இலையை அதன் மேல் சாய்த்துவிட்டிருந்தார். அதையே அழகாக்கியிருந்தார். அந்த மனிதர் யாரென்று யாருக்கும் தெரியாது. தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப் போட்டதை, அங்கே சமையல் வேலை செய்த அம்மா கேட்டு வாங்கினாள்.

லயத்தில் கதவு நிலையை ஏற்கெனவே பெயர்த்திருந்ததால் அலுமாரி சுலபமாக வெளியே வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர், விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் தூக்கி வந்தார்கள்.

“என்னண்ணே, கோயில் தேரையே இழுத்துக்கிட்டு வந்துட்டீங்க! வடத்தக் காணோமே?”

“நீங்கதாண்டா வடம். பாத்து, கல்லுல இடிக்காம தூக்குங்க.”

புது வீட்டு வாசலில் தலைப்பலகை நிலையில் முட்டியது. படுக்க வைத்தால் உள்ளே நிமிர்த்த இடமில்லை.

“பெரட்டுக்கு நேரமாச்சு. அந்தியில வந்து பாக்குறோம். அவசரப்பட்டு ஒன்னும் பண்ணிப்புடாதீங்க” என்று சொல்லி, அதை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

பத்து மணி போல அப்புத்தளைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. பின்னாலேயே மழை. கூரைத் தகரம் குட்டை. சாரல் நேரே பூக்களில் அடித்தது. சாக்கைப் போர்த்தினேன், காற்று தூக்கி எறிந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கிறார்கள். மர வாளை எடுத்து, ஸ்டூலில் ஏறி, பூக்களுக்குக் கீழே அறுத்தேன். கோணல் போய்விட்டது. நடுப்பூவின், அம்மா பொட்டு வைக்கும் பூவின், கீழ் இதழ் இரண்டு உதிர்ந்தன.

பலகையை இறக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். அறுத்த இடத்துக்கு நாலு விரல் கீழே, இரண்டு மூலையிலும் ஒவ்வொரு மர ஆப்பு. தட்டினேன். கழன்று கையில் வந்தது. ஆணி ஒன்றுகூட இல்லை. தலைப்பலகையைத் தனியாகத் தூக்கி எடுக்கும்படிதான் அந்த ஆசாரி செய்திருந்தார். என்றைக்காவது ஒருவன் இதை ஒரு சின்ன வாசலுக்குள் கொண்டுபோவான் என்று அவர் யோசித்திருக்கிறார்.

லயத்து வாசலும் சின்னதுதானே. அலுமாரி வந்த அன்று நான் தேயிலைப் பெக்டரியில் வேலையில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது அது சுவரோரம் நின்றது. எப்படி உள்ளே வந்தது என்று நான் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு ஆப்பு தெரிந்திருக்கும். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

அந்தியில் தம்பிகள் வந்து அலுமாரியை உள்ளே தூக்கி வைத்தார்கள். பலகையை அதன் மேலே வைத்துக் கயிற்றால் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிறேன். இதழ் போன இடத்தில் விரல் தடுக்குகிறது. ஆப்புகள் அம்மாவின் குங்கும டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கவில்லை. ஒரு ஆள் நுழைய இடம் விட்டிருக்கிறேன். வந்ததும் பின்னாலும் போய்ப் பாருங்கள்.