தேவராசாவின் கியர்பொக்சும் அரைச் சுண்டு மாவும்

"இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருசம். ஒருத்தருக்காவது நான் தாங்க்ஸ் சொல்லவேண்டி வந்ததில்லை."

லண்டன் லூயிஷாம் சிவன் கோவில் மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபடி தேவராசா இப்படி அறிவித்தார். ஒருவரும் மறுக்கவில்லை. வரிசை நீளம், எல்லோருக்கும் பசி.

அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அதற்குப் பின்னால் ஒரு தத்துவமே இருந்தது. யாராவது தனக்குச் செய்த உதவியைச் சற்றுத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால், அது அந்த ஆளுக்குத் தான் செய்த உதவியாகத் தெரியும் என்பதே அந்தத் தத்துவம். வந்த புதிதில் பதினெட்டு மாதம் சோறும் படுக்கையும் கொடுத்த மாமாவுக்குத் தனிமை தெரியாமல் பார்த்துக்கொண்டவர் தேவராசா. பஸ் ஓட்டப் பழக்கி வேலையும் கொடுத்த கம்பெனிக்குச் சாரதி இல்லாத குறையைத் தீர்த்தவரும் அவரே. இறங்கும் பயணிகள் "தாங்க்யூ டிறைவர்" என்றால் தலையை மட்டும் ஆட்டுவார். உரியது உரிய இடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற ஆட்டல் அது.

அவரிடம் 1954ஆம் ஆண்டின் மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. அது ஆறு வருடமாக பியற்றிஸ் அக்காவின் கராஜில் குடியிருந்தது. பியற்றிஸ் ஓய்வுபெற்ற தாதி. இரண்டு வீடு தள்ளி இருப்பவர். வாடகை என்று ஒரு வார்த்தை பேசாதவர். தேவராசாவின் விளக்கம் எளிமையானது: தான் அங்கே போய்வருவதால்தான் அந்தப் பக்கம் கள்ளர் வருவதில்லை.

இந்த வசந்தத்தில் பியற்றிஸ் வீட்டை விற்றுவிட்டு வெம்பிளியில் இருக்கும் மகளிடம் போகத் தீர்மானித்தார். வெள்ளிக்கிழமை சாவி கைமாறும் என்று சொன்னபோது, மோட்டார் சைக்கிளின் கியர்பொக்ஸ் குடல் வெளியே தெரியக் கிடந்தது. ஓடுகிற வண்டியைத் தெருவில் நிறுத்தக் கவுன்சில் விடும். பெட்டி பெட்டியாகக் கிடக்கும் வண்டியை விடாது. மூன்றாம் மாடி பிளாட்டுக்குள் கொண்டுவர மனைவி சிவமலர் விடமாட்டார். ஆகவே வெள்ளிக்குள் வண்டி ஓடவேண்டும். இல்லையேல் பழைய இரும்புக்காரன்தான்.

குறுக்கே நின்றது ஒரு புஷ். பெருவிரல் தடிப்பில் ஒரு வெண்கல வளையம். அதற்குள்தான் கியர்த் தண்டின் நுனி சுழலும். தேய்ந்த புஷ்ஷைக் கழற்றினால்தான் புதியதைப் போடலாம். ஆனால் அது இருந்த குழி மறுபக்கம் மூடியது. பின்னால் இருந்து தட்டித் தள்ள வழியில்லை. எழுபது வருடம் இருந்த இடத்தை விட்டுப் போக அதற்கு மனமும் இல்லை.

ஞாயிறு தேவராசா கியர்பொக்சின் அலுமினியக் கூட்டைத் தூக்கிவந்து சிவமலரின் ஓவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, பலகையில் ஓங்கிக் குத்தினார். வீடு முழுக்க எழுபது வருட எண்ணெய் மணத்தது. புஷ் அசையவில்லை. திங்கள் இணையத்தில் ஒருவர் சொன்னபடி குழி நிறையக் கிறீஸ் அடைத்து, புஷ்ஷின் துளைக்கு அளவான இரும்புக் கம்பியை அதற்குள் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அமுங்கும் கிறீஸ் புஷ்ஷுக்குப் பின்னால் போய் அதைத் தள்ளிவிடவேண்டும் என்பது ஏற்பாடு. கிறீஸ் கம்பியின் ஓரத்தால் பீறிட்டு முகத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் போனது.

பார்த்துக்கொண்டிருந்த சிவமலர் சொன்னார்: "இஞ்சேரப்பா, இடியப்ப உரலுக்கை மா இளகிப்போனால் ஓரத்தாலை மேலைதான் வரும். இறுக்கமாய்க் குழைச்சு வைச்சால் கீழைதான் போகவேணும்."

"இது இடியப்பம் இல்லை. இஞ்சினியரிங்."

சிவமலர் சுவரைத் துடைத்தார்.

செவ்வாய், சிவமலர் ஷிப்டுக்குப் போனதும், இஞ்சினியரிங் இரகசியமாக மாவு டின்னைத் திறந்தது. முப்பது வருடம் இடியப்பம் சாப்பிட்ட மனிதருக்கு, மாவை வறுக்கவேண்டும் என்பதும், கொதிதண்ணீர் விட்டுக் குழைக்கவேண்டும் என்பதும் தெரியாமலே காலம் ஓடியிருந்தது. பச்சை மாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தார். முதல் அடியிலேயே கூரையின் கறுப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின.

மாலை வந்த சிவமலர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "பச்சை மாவோ எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போனார்.

புதன் காலை தேவராசா உளியை எடுத்தார். உளியால் புஷ்ஷைப் பிளக்கலாம்; கூடும் சேர்ந்து பிளக்கலாம். இந்த வண்டிக்கு இன்னொரு கூடு தேடி இரண்டு வருடமாக அவர் காணவில்லை. உளியை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு குசினி வாசலில் போய் நின்றார். பஸ் லேட்டானால் பயணிகள் எப்படி நிற்பார்களோ, அப்படி.

"சிவமலர், உமக்கு நேரமிருந்தால் கொஞ்சம் மா குழைச்சுத் தாறீரோ?"

"எவ்வளவு?"

"அரைச் சுண்டு காணும்."

"உப்புப் போடவோ?"

தேவராசா இதை உண்மையாகவே யோசித்தார். "வேண்டாம். அலுமினியத்தை அரிக்கும்."

சிவமலர் மாவை வறுத்து, கொதிதண்ணீர் விட்டு, வழக்கத்தைவிட இறுக்கமாகக் குழைத்தார். கூட்டை மீண்டும் சூடாக்கினார்கள். அவர் மாவை உருட்டி உருட்டிக் குழிக்குள் அடைத்தார்; இவர் கம்பியை வைத்து அடித்தார். நாலாவது அடியில் புஷ் ஒரு நகக்கண் அளவு மேலே வந்தது. இன்னும் மா, இன்னும் அடி. மூன்றாம் தடவை புஷ், வாலில் மாவோடு குழல்பிட்டு மாதிரி மேசையில் விழுந்து உருண்டது.

தத்துவம் வழக்கம்போல வேலை செய்யத் தொடங்கியது. சிவமலரின் மாவுக்கு, இதுவரை எந்த மாவுக்கும் கிடைக்காத ஒரு வாய்ப்பைத் தான் கொடுத்ததாக... அதற்குமேல் ஓடவில்லை. தேவராசா புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி கை கழுவுவதைப் பார்த்தபடி நின்றார்.

வியாழன் முழுக்க, புதிய புஷ்ஷோடு வண்டியைச் சேர்த்துப் பூட்டினார். வெள்ளி காலை கராஜை ஒதுக்கும்போதுதான் சில சாமான்கள் கண்ணில் பட்டன. ஒரு குளிர்காலத்தில் பியற்றிஸ் தானே இழுத்துவந்து வைத்த மின் ஹீற்றர். அவர் தேநீர் கொண்டுவந்து வைக்கும் முக்காலி. தேவராசாவின் முழங்கால் நோவுக்கு என்று அவர் போட்டுவிட்ட பழைய கம்பளத் துண்டு. எல்லாம் ஆறு வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

ஆறாவது உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. கியர் மெல்ல விழுந்தது. தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து, சாமான் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்ற பியற்றிஸின் முன்னால் நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"அக்கா, ஆறு வருசம் இடம் தந்தனீங்கள். உங்களாலைதான் இது ஓடுது. தாங்க்ஸ்."

"எனக்கேன் தம்பி? மாக் குழைச்ச கதை கேள்விப்பட்டனான். சிவமலருக்கெல்லோ சொல்லவேணும்."

தேவராசா தலைக்கவசத்தின் பட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அவவுக்குக் காலமை சொல்லிப்போட்டன்."