கம்பி கட்டிய பாய்

முந்தாநாள் காலை சிங்காநல்லூர் பட்டறையில் தார்ப்பாய் வெட்டிக்கொண்டிருந்தபோது, பழனியப்பன் அண்ணன் இறந்துவிட்டதாகப் போன் வந்தது. நான் அவர் ஊரான ஆனைமலைக்குப் போய்ச் சேருவதற்குள் கல்யாண மண்டப முதலாளி வைத்த அஞ்சலி ஃபிளெக்ஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. படத்தில் அண்ணன் தலையில் கம்ப்யூட்டரில் ஒட்டிய வெள்ளைக் கேப்டன் தொப்பி, கீழே ‘கடல் வேந்தர்’ என்று எழுத்து.

அண்ணன் வேந்தரெல்லாம் இல்லை. இருபது வயதில் வீட்டோடு சண்டை போட்டுத் தூத்துக்குடிக்குப் போய், கொழும்புக்குச் சரக்கேற்றிய பாய்மரத் தோணிகளில் கயிறு இழுத்தவர். பிறகு எங்கள் பட்டறையில் தார்ப்பாய் தைத்தார். யாராவது கடலைப் பற்றி உருகினால் எரிந்து விழுவார். “எலிப் புழுக்கையப் பொறுக்கிப்போட்டுச் சோறு தின்னோமுங்க. அதுல என்னங்க அழகு?”

ஒருமுறை நடுக்கடலில் சூறைக்காற்று. பாயை ஏற்றி இறக்கும் கயிற்றில் யாரோ போட்ட தப்பு முடிச்சு நனைந்து இறுகிவிட்டது. தோணி சாய்ந்து தண்ணீர் ஏற ஏற, அண்ணன் பாய்மரத்தில் ஏறிக் கயிற்றை அறுத்திருக்கிறார். “ஒரே இழுப்புல பாய் கீழ வரோணுங்க. இல்லீன்னா ஏத்தவே கூடாதுங்க” என்பார்.

அந்த மண்டப முதலாளிக்கு முன்பொரு கல்யாணத்தில் திறந்தவெளி வரவேற்பு மேடை கப்பல் மாதிரி வேண்டுமாம். அண்ணன்தான் என்னையும் கூட்டிப்போய் நிஜப் பாய் கட்டி, இறக்குவதற்கு ஒரு கயிற்றைக் கைக்கெட்டும்படி தொங்கவிட்டார். போட்டோவில் அது அசிங்கமாக விழுகிறது என்றார் முதலாளி. அண்ணன் டீ குடிக்கப் போன நேரம் கயிற்றை வெட்டிவிட்டு, பாயைக் கட்டுக்கம்பியால் முறுக்கினார்கள்.

ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்காலம் கிளம்பியது. பாய் உப்பி, மரம் வளைந்தது. கீழே குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஓடிவந்து கயிற்றைத் தேடினார், இல்லை. அறுபது வயதில் மரமேறிப் பாயைக் கத்தியால் கிழித்தார். அது பெண் மாப்பிள்ளை மேலும் ஐஸ்கிரீம் மேசை மேலும் விழுந்தது.

“குடிச்சுப்போட்டு வந்து என்ற மானத்த வாங்கிப்போட்டயேடா!” என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார். அண்ணன் கம்பியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “ஒரு கயிறு தொங்குனா என்ன கேடுங்க தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம் ஊர்க்காரர்கள் நீங்கள் யாரும் குடிகாரனென்று அவரை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடவில்லை. இப்போது ஃபிளெக்ஸ் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறீர்கள். த்தூ! அதைவிட அருவருப்பு, நானும் உங்களோடு நின்றதுதான்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சுமந்த அந்தக் கெட்ட பெயர். அண்ணன் அன்று ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கயிற்றை வெட்டிக் கம்பி கட்டியது நான்.